செவ்வாயின் நிலவைத் துடைத்தவன்

செவ்வாய்க் கிரகத்து வானத்தில் தூசி படிந்திருக்கிறது என்று நான் முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, துடைத்தும் விட்டேன். இந்தக் கனடாவில் முதலாளிமார் திட்டுவதில்லை, சிரித்துக்கொண்டே “கொஞ்சம் பேசலாமா?” என்று கேட்கிறார்கள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். சிரிப்புக்கு என்ன செய்வது? நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் உரிமையாளர் லிண்டா அப்படியொரு சிரிப்போடுதான் வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து, “அந்தச் செவ்வாய்ப் படத்தைப் பற்றித் திங்கட்கிழமை பேசுவோம்” என்றார்.

எங்கள் நகர நூலகத்தில் வானியல் கண்காட்சி. செவ்வாயின் தரையில் ஊர்ந்து திரியும் ரோவர் வண்டி, அங்கே விடியுமுன் அண்ணாந்து எடுத்த படமொன்றை ஆளுயரத்துக்கு அச்சடிக்கக் கொடுத்திருந்தார்கள். கீழே கறுத்த மேடு, மேலே மங்கல் வெளிச்சம், வானமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். இலங்கையில், மாத்தளை டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். புள்ளியைக் கண்டால் என் கை சும்மா இராது. பல்லேபொலவிலிருந்து த்ரீவீலில் வந்திறங்கும் மணப்பெண்ணின் பருவும் மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பும் என் கையில்தான் மறைந்தன. அதே கையால் செவ்வாய்க்கும் முகம் கழுவிவிட்டேன். அச்சடித்துச் சுருட்டி வைத்த பிறகு நூலகத்திலிருந்து விளக்கக் குறிப்பு வந்தது. முதல் வரியைப் படித்தேன்: ‘நடுவே பளிச்சென்று தெரிவது செவ்வாயின் இரண்டு நிலவுகளில் சிறியதான டெய்மோஸ்.’ நடுவே ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தம்.

நான் சோதனைக் காலத்தில் இருப்பவன். வேலை போனால் இங்கே தங்கும் அனுமதி போகும், அனுமதி போனால் நானும் போகவேண்டும். சனிக்கிழமை முழுக்க மனதுக்குள் பெட்டி கட்டினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்குகிறேன், ‘ஏன் அனுப்பிட்டாங்க?’ என்று மச்சான்மார் கேட்கிறார்கள். ‘ஒரு நிலவைத் தொலைத்துவிட்டேன்’ என்கிறேன். எங்கள் பக்கத்து ரத்தோட்டைக்காரனும் இப்போது இங்கேயே இருப்பவனுமான நண்பன் பாலாவை அழைத்தேன்.

“ரெண்டு நிலவாண்ணே அங்க? அப்ப மாசத்துக்கு ரெண்டு பௌர்ணமி, ரெண்டு போயா லீவு! ரெண்டு நாளும் கடைய மூடணும், சாராயக்கடைக்காரன் செத்தான்.”

“டேய், என் வேலை போகப்போகுது.”

“தனியாவா ஆபீசுக்குப் போவீங்க? நம்ம தோட்டத்துல எவனாச்சும் தலைவர் இல்லாமப் போவானா? நான் வாறேன்.”

அவன் சொன்னது விளையாட்டில்லை. எல்கடுவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுவையில் தகராறு செய்தார் என்று என் அப்பாவைத் தோட்டத்துரை கூப்பிட்டனுப்பியபோது, தொழிற்சங்கத் தலைவர்தான் கூடப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆபீஸ் வாசலில் அப்பா தன்னையறியாமல் கையைக் கட்டினார். “கையக் கட்டாதீங்க மாமா, நியாயம் பேசத்தானே வந்திருக்கோம்” என்றார் தலைவர். அப்பா கையை இறக்கிவிட்டார். ஆனால் அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பாலா கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். லிண்டா அவனை வாடிக்கையாளர் என்று நினைத்து, “உங்களுக்கு என்ன அச்சடிக்க வேண்டும்?” என்றார்.

“நான் லீடர்” என்றான் பாலா.

“எதற்கு?”

“இவருக்கு.”

லிண்டா எனக்கு ஏதோ மதபோதகர் வாய்த்திருக்கிறார் என்று எண்ணியிருக்கவேண்டும். பவ்வியமாக நாற்காலி போட்டார். பிறகு குறிப்பை என்னிடம் நீட்டி, இரண்டாவது பத்தியைப் படிக்கச் சொன்னார். பயத்தில் நான் அதுவரை போகவே இல்லை. ‘மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படமாகையால், இதிலுள்ள வெள்ளைப் புள்ளிகளில் பெரும்பாலானவை கேமராவின் கோளாறே. நிலவும் இரண்டொரு நட்சத்திரங்களும் மட்டுமே உண்மை.’

எனக்கு எங்கிருந்தோ நாக்கு முளைத்தது. “அப்படியானால் பொய்ப் புள்ளிகளைப் பிடித்தவன் நான். குறிப்பைப் படத்தோடு தராதது யார்? எங்கள் ஸ்டூடியோவில் எந்த மச்சத்தைத் தொடக்கூடாது என்று பெண்ணின் தாய் முதலிலேயே சொல்லிவிடுவாள்” என்றேன்.

“அப்பிடிப் போடுங்கண்ணே” என்றார் தலைவர் பாலா.

லிண்டா குறிப்பை மடித்து மேசையில் வைத்தார். “சரி, இனிமேல் குறிப்பு வராமல் படத்தைத் தொடவேண்டாம். இதை மறுபடி அச்சடியுங்கள்” என்றார். அவ்வளவுதான். வேலை போகவில்லை.

கண்காட்சிக்குப் போயிருந்தேன். டெய்மோஸ் வெளியிலிருந்து வந்து செவ்வாயிடம் மாட்டிக்கொண்டதா, அங்கேயே பிறந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை என்று படத்தின் கீழே போட்டிருந்தார்கள். மாத்தளையில் பிறந்தும், ‘இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தானே?’ என்று எங்களை விடாத கேள்வி அது. இங்கேயும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் கேட்கிறார். இரண்டு இடத்திலும் நான் வரி கட்டியிருக்கிறேன். டெய்மோஸ் யாருக்கும் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நூலகச் சுவரில் இருக்கும் டெய்மோஸை, மூலப் படத்திலிருந்து எடுத்து, அதன் இடத்தில் திரும்ப வைத்தவன் நான்.