முந்தானைக்குள் பச்சை வெளிச்சம்

எங்கள் வீட்டு ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தின் முதல் தபால் முத்திரை, 1971 டிசம்பர். நாள் மட்டும் மையில் ஊறி அழிந்திருக்கிறது. போர் தொடங்கி, எங்கள் ஊர் சேக்காட்டில் இரவு விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாதபடி வீட்டு ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய பிறகே வாங்கினோம் என்பது நிச்சயம். கடைக்குப் போனபோது என் விரல்களில் பசை காய்ந்திருந்தது.

அப்பாவுக்கு ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே குண்டு விழலாம் என்று பேச்சு. அபாயச் சங்கு ஊதினால் குமணன்சாவடிச் சித்தி வீட்டுக்குப் போக ஒரு பை தயாராக இருந்தது. அதில் வைக்க ஒரு ரேடியோ மட்டும் பாக்கி. எனக்கு அது உல்லாசப் பயணம்.

கடைக்காரர் ஒரு பெரிய ரேடியோவைத் திருகினார். முள்ளுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது.

"சிலோன் பாட்டு பக்கத்தூட்ல பாட்ற மாதிரி கேக்கும்."

அப்பாவின் தலை அதற்குள் பாட்டுக்குத் தாளம் போட்டது. அம்மா ரேடியோவை மடியில் வைத்து, முந்தானையால் தலையோடு போர்த்திக்கொண்டாள். நானும் உள்ளே புகுந்தேன். அம்மாவின் மூக்குத்தியும் என் உள்ளங்கையும் குளத்தின் அடியில் கிடப்பவை போலாயின. எங்கோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

"இன்னாக்கா, ரேடியோவுக்குச் சளியா? ஆவி புடிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வெளிச்சம் வெளிய தெரியுதா, பாத்துச் சொல்லுங்க."

"சோக்கா தெரியுது."

"அப்ப வேணாம். வெளக்கில்லாதது குடுங்க."

விளக்கில்லாதது செங்கல் அளவுதான். சென்னை நிலையம் மட்டும் கரகரத்தது.

"இதுல சிலோன் வராதும்மே," என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்க்காமல் கடைக்காரரிடம் கேட்டாள். "குண்டு எங்க வுழுந்துச்சுன்னு நியூஸ்ல பேர் சொல்வாங்களா?"

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. "யுத்த நேரம்க்கா. அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"அப்ப இவருக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்டித் தெரியும்?"

"செல்லு எத்தினி போடணும், அதக் கேளு மொதல்ல," என்றார் அப்பா.

அம்மா அதையே வாங்கினாள். பச்சை வெளிச்சம் போன கோபத்தில் வழியெல்லாம் அம்மாவின் கையைப் பிடிக்காமல் நடந்தேன். வீட்டில் அவள் புடவைக்கும் என் பாவாடைக்கும் நடுவே ரேடியோவைச் செருகினாள். பையில் அப்பாவின் சட்டை ஒன்றுகூட இல்லை. அவர் காக்கி உடுப்போடு வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

குண்டு ஏதும் விழவில்லை. அந்த மாதமே பையைப் பிரித்தோம். அபாய நேரத்தில் ஆட்கள் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்க வேண்டுமென்று உத்தரவு இருந்ததா, அப்பா தானாகவே முன்வந்து அங்கே இருக்கிறேன் என்றாரா? அவரோடு வேலை பார்த்த இருவரைப் பின்னாளில் விசாரித்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். இதுவரை உறுதிப்படவில்லை.