ஜலாலுதீன் பாயும் நண்டின் அஞ்சாவது பல்லும்

குன்னூர் கடைவீதியில் கடிகார ரிப்பேர் பார்த்த ஜலாலுதீனுக்கு வயிறு எரிந்த கதையைச் சொன்னாலே, மனுசனைப் பற்றி முக்கால்வாசி சொன்ன மாதிரிதான். ஆள் நல்லவர், கைச்சுத்தமானவர். ஆனால் அடுத்தவரை யாராவது பாராட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருசம். எஸ்டேட் முதலாளி கிரேசன் துரைக்குத் தேயிலையைவிட நண்டின் மேல்தான் கிறுக்கு. குழம்பில் போடுகிற நண்டு இல்லை. கல்லாகிப் போன நண்டு! மலையில் அது ஏது? ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையை வெட்டி, தேயிலைப் பெட்டியில் வைக்கோல் சுற்றி வரவழைப்பார். கல்லுக்குள் இருக்கிற நண்டை ஊசியால் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுப்பது ஜலாலுதீன் வேலை. எட்டு வருசமாகச் செய்தார். தும்மல் வந்தால்கூட வெளியே போய்த்தான் தும்முவார்.

எடுத்த நண்டை மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் தபித்தாள் வரைவாள். துரை கல்லையும் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஓட்டோரத்தில் எத்தனை பல் என்று எண்ணி, இன்ன வகை என்று எழுதுவார். இதுவரை யாரும் எழுதாத வகையாக இருந்தால், தனக்கு வேண்டியவர் பேரை அதற்கு வைக்கலாம். சீமையில் அச்சாகிற புஸ்தகத்தில் தன் பேர்! ஜலாலுதீன் அதற்குத்தான் காத்துக் கிடந்தார்.

ஒருநாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நண்டு வந்தது. பதினேழு நாள் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். அந்த மாதிரி நண்டுக்கு எப்போதும் நாலு பல்தான். தபித்தாள் எண்ணிப் பார்த்தாள், அஞ்சு இருந்தது. படத்தை வரைந்து, நடுவட்டம் எஸ்டேட்டுக்குப் போயிருந்த துரைக்குத் தபாலில் அனுப்பினாள். பதில் உடனே வந்தது: இது புது வகை, தபித்தாள் பேரையே வைக்கிறேன், சனிக்கிழமை வந்து கல்லோடு ஒத்துப் பார்க்கிறேன்.

அடப்பாவமே, அந்தப் பல்லை வெளியே கொண்டுவந்தது யார்? ஜலாலுதீன் வீட்டில் பொருமித் தீர்த்தார். சம்சாரம் நபீசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எண்ணிப் பாக்கலீங்களா?" என்றாள். அவ்வளவுதான், சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை துரை பங்களாவில் தனியாக இருந்தபோது அஞ்சாவது பல்லில் ஊசியை வைத்து அழுத்தினார். டக்கென்று தெறித்தது. புதிதாக உடைந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பால் விடாத டீயைத் தொட்டுத் தடவினார். பழைய கல் நிறம் வந்துவிட்டது.

சனிக்கிழமை துரை எண்ணினார். நாலு. படத்தில் அஞ்சு. முகம் சிவந்துபோய்த் தபித்தாளைப் பார்த்தார். அவள் குனிந்து, ஈரத் தூரிகையால் அந்த இடத்தை மெல்லத் துடைத்தாள். தூரிகை நுனியில் டீ நிறம் ஏறியது. நிமிர்ந்து ஜலாலுதீனைப் பார்த்தாள். அவர் ஊசியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க தொரைங்களே. நாந்தான் நெழலைப் பல்லுன்னு வரைஞ்சுட்டேன்," என்றாள்.

துரை எழுதி வைத்திருந்த அவள் பேரைக் கோடு போட்டு அடித்தார். பாயைப் பார்த்துக் கவனம் கற்றுக்கொள் என்று அவளைத் திட்டினார். ஜலாலுதீனின் காதில் அந்தப் பாராட்டு விழவே இல்லை.

அவர் வெளியே வந்தபோது பங்களா கேட்டருகே தபித்தாள் நின்றாள். "கை தவறிருச்சுங்களா பாய்? தொரை வேலைய விட்டுத் தூக்கிருவாருன்னு பயந்துதானுங்களே டீயத் தடவுனீங்க? நான் மூச்சு விட மாட்டேனுங்க," என்று சிரித்தாள்.

நானாகத்தான் உடைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அதையும் மன்னித்துவிடுவாள், பாவி! கையிலிருந்த பேரை விட்டுக்கொடுத்துவிட்டு இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது? தன்னால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் முடியாதே! பேருக்காக எரிந்த வயிறு இப்போது அந்தச் சிரிப்பைப் பார்த்து அதைவிட எரிந்தது. இன்னொரு முறை இவளை ஜெயிக்க விடுவதா?

"ஆமாம்மா, கை தவறிருச்சு," என்றார்.