எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஃபைல்

தியோடருக்கு வயிறு எரிந்தது. காரணம் அனுபமா. கோயம்புத்தூரிலிருந்து போன தீபாவளிக்குப் பிறகுதான் வந்து வேலைக்குச் சேர்ந்த பெண்.

ஏ.எஸ்.ராவ் நகரில், ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. 2003ஆம் வருடம். ஓர் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், லாகின் செய்தவர்தானா என்று பார்த்து உள்ளே விடும் கோடிங் ஒன்று அதன் தலையில் இருக்கும். அதை எழுதியவர் தியோடர். யார் புதுப் பக்கம் செய்தாலும் அவர் சீட்டுக்கு வந்து, "அண்ணா, அந்த லாகின் சமாச்சாரத்த கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்று நிற்க வேண்டும். அவரும் கொஞ்ச நேரம் பிகு செய்துவிட்டு ஒட்டிக் கொடுப்பார். அதே ஊரில் மெட்டுகுடாவில் பிறந்து, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து மேலே வந்த மனுஷருக்கு அது அவ்வளவு இனித்தது. வரப்போகும் டீம் லீட் பதவியும் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அனுபமா வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டியிருந்ததையெல்லாம் பிடுங்கி ஒரே ஃபைலில் வைத்தாள். இனி எந்தப் பக்கமானாலும் அந்த ஃபைலைக் கூப்பிடும் ஒரு வரி போதும். எதையாவது மாற்ற வேண்டுமா, ஒரே இடத்தில் மாற்றினால் முடிந்தது. முதலாளி சக்ரபாணி பார்த்துவிட்டு, "ஏன்யா, இது இத்தனை நாளா நமக்குத் தோணல?" என்றார். நமக்காம்! தியோடரைப் பார்த்தல்லவா கேட்டார்! அன்றோடு அவர் சீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை.

"தியோடர்ண்ணா, உங்க லேப் ரிப்போர்ட் பக்கம் மட்டும் பாக்கிங்க. மாத்திரட்டுங்களா?" என்று கேட்டாள் அனுபமா.

"நக்கோ, வேணாம். அத நான் பாத்துக்கறேன், நீ தொடாத."

வீட்டிலும் அதே புலம்பல். "நேத்து வந்த பொண்ணு, எமி! என் கோடிங்கத்தான் எடுத்து வேற எடத்துல வச்சிருக்கா. இதுல என்ன பெரிய மூளை?"

மனைவி எமி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்போ நீங்களே வச்சிருக்கலாமே. கைக்கு, எதுக்கு இந்த வயித்தெரிச்சல்?"



அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வெப்சைட்டைப் பார்வையிட வந்தார்கள். அவர்களில் ஒருவர் லாகின் செய்யாமலேயே ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் விரட்டியடித்தன. லேப் ரிப்போர்ட் மட்டும் அப்படியே திறந்துகொண்டது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தம் குறைவு, எல்லாம் திரையில் பளிச்சென்று தெரிந்தன.

வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போனதும் சக்ரபாணி அனுபமாவைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஃபைல், ஒரே ஃபைல்னு குதிச்சியேம்மா! மானம் போச்சு!"

தியோடருக்குக் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும் அவளுக்கு! அப்படி நினைத்து முடிப்பதற்குள் பகீரென்றது. சோதித்துப் பார்க்கும்போது தடவைக்குத் தடவை லாகின் செய்யச் சோம்பல்பட்டு, அந்தப் பக்கத்தின் லாகின் கோடிங்கை முடக்கி வைத்தவர் அவரேதான். மறுபடி உயிர் கொடுக்க மறந்தே போயிருந்தார்.

அனுபமா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். புரிந்துவிட்டது. நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சக்ரபாணியிடம், "ஒரு பக்கம் விட்டுப்போச்சுங்க சார். நான் இன்னொருக்கா கேட்டிருக்கோணும்" என்றாள்.

அடிப்பாவி! இதிலும் முந்திக்கொண்டாளே! திட்டு வாங்குவதில்கூட நல்ல பேர் அவளுக்கேவா? நல்ல மனசு வந்தா எழுந்தார் தியோடர்? பொறாமை தாங்காமல் எழுந்தார்.

"சார், தப்பு என்னுது. அந்தப் பக்கம் நான் பண்ணது."

சக்ரபாணியின் முகம் இளகிவிட்டது. "பாத்தீங்களா எல்லாரும்? சின்னப் பொண்ணு திட்டு வாங்குதேன்னு பழிய தன் தலைல போட்டுக்கறார். இப்படிப்பட்ட ஆள்தான்யா டீம் லீடா இருக்கணும். தியோடர், இனிமே நீங்கதான்!"

எல்லாரும் கை தட்டினார்கள். உண்மை தெரிந்த அனுபமாவும் முகம் மலர்ந்து தட்டினாள். தைரியமாக ஒப்புக்கொண்டாரே என்று.

"ஹவ் சார், ஆமா, ஆனா..." என்று ஆரம்பித்தார் தியோடர். நிஜமாகவே தன் தப்புதான் என்று இன்னொரு தடவை அழுத்திச் சொன்னால் போதும். சக்ரபாணி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தியோடர், "தேங்க்ஸ் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அனுபமா மட்டும் நிறுத்திவிட்டாள்.