கட்டு அவிழ்த்த நண்டு

நண்டுக் கம்பெனியில் நண்டு கட்டுவது என் வேலை. சேற்று நண்டு உயிரோடுதான் விலை போகும். கொடுக்கையும் கால்களையும் மடக்கிச் சணலால் இறுக்கிவிட வேண்டும். கட்டிய நண்டு அசைந்தால் கட்டினது சரியில்லை என்று அர்த்தம்.

மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருந்தாள். பள்ளியில் கண்காட்சி. அவரவரே ஒரு சோதனை யோசித்துச் செய்து காட்ட வேண்டும். ஒருவரைத்தான் ராமநாதபுரத்தில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். அவள் அதில் குறியாக இருந்தாள்.

நண்டு வெளிச்சத்துக்குப் போகுமா, இருட்டுக்குப் போகுமா என்பது அவள் சோதனை. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி, பாதியைக் கறுப்புத் துணியால் மூடினாள்.

அவள் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "இருட்டுக்குத்தாண்டி போகும். இது நம்ம தெரு நாய்க்கும் தெரியும்."

"நாய்க்குத் தெரிஞ்சா மார்க் போட மாட்டாங்கப்பா. காட்டணும்."

நண்டு இருட்டுக்குப் போனது. தொட்டியைத் திருப்பி வைத்தாள். அதற்கு வாசல் பக்கம்தான் பிடிக்கிறதோ என்று சந்தேகமாம். மறுபடியும் இருட்டுக்கே போனது. எழுதிக்கொண்டாள். அந்த வாரம் வீட்டில் நண்டுக் குழம்பு இல்லை.

கொடுக்கைக் கட்டாமல் நண்டு பள்ளிக்குள் வரக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். கட்டிக்கொடுத்தேன். கம்பெனிக்குக் கட்டுவது போலத்தான். எனக்கு வேறு கட்டுத் தெரியாது.

தொட்டியைத் தூக்க நானும் போனேன். மதிப்பெண் போட வந்த அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். மகள் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு நண்டைத் தண்ணீரில் விட்டாள். போட்ட இடத்தில் கிடந்தது.

"உயிரோட இருக்கா?" என்றார் அந்த அம்மா.

"இருக்கு மேடம். எங்கம்மா கட்டுனது."

அவர் பக்கத்து மேசை மண்புழுவைப் பார்க்கத் திரும்பினார். மகள் முகம் சுருங்கிப் போனது.

"அவுக்கட்டுமாம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"அவுத்துவிடு."

நண்டைத் தரையில் வைத்து, முதுகைக் காலால் அமுக்கிக்கொண்டு முடிச்சை இழுத்தாள். சணல் வந்தது. காலை எடுத்தாள். நண்டு தொட்டிக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் பெஞ்சில் ஏறினார்கள். அந்த அம்மா நாற்காலியில் ஏறினார். மேசை விரிப்பு தரை வரை தொங்கியது. நண்டு அதற்குள் போய்விட்டது.

"இருட்டுக்குத்தான் மேடம் போயிருக்கு," என்றாள் மகள்.

"பயந்து ஓடியிருக்கும்."

"இருக்கும் மேடம். அதான் தொட்டியில விட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும். நீங்களும் சத்தம் போடாம இருந்தா காட்டுறேன்."

பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் விட்டாள். எல்லாரும் ஏறிய இடத்திலேயே வாயை மூடி நின்றார்கள். நண்டு கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் கிடந்தது. பிறகு பக்கவாட்டில் நடந்து துணிக்கு அடியில் போனது. தொட்டியைத் திருப்பினாள். மறுபடியும் போனது. அந்த அம்மா நாற்காலியில் நின்றபடியே மதிப்பெண் போட்டார்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். "ராமநாதபுரத்துக்கு நீதான் போற. ஆனா நண்டு வேணாம். போட்டோ எடுத்து ஒட்டிக்கோ."

மகள் என்னைப் பார்த்தாள். நான் டீச்சர்மாரிடம் பேசிப் பழக்கமில்லாதவள்.

"போட்டோ எப்படி மிஸ் நடக்கும்? நண்டோட நானும் வாரேன்," என்றேன்.

டீச்சர் தொட்டியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"மூடி போட்ட வாளியா கொண்டு வாங்க," என்றார்.