சோலைச்சாமிக்குப் பிடிபடாத மஞ்சள்

செருப்பைக் கடைசிப் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் சோலைச்சாமி வராந்தாவில் கால் வைப்பார். சிமெண்டுத் தரைக்குக் காட்டும் மரியாதை என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரையை அவர் சட்டை செய்வதே இல்லை. வெள்ளாமைக்குள் செருப்புக்காலோடு நுழையக் கூடாது, அவ்வளவுதான். அங்கே இருப்பது நாற்பத்திரண்டு தொட்டிகள் என்பதும், எல்லாத் தொட்டியிலும் வளர்வது மணிபிளாண்ட் என்கிற ஒரே கொடி என்பதும் அவருடைய கால்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. காக்கிச் சட்டையும் நாலு முழ வேட்டியுமாக, கழுத்தில் ஒருநாளும் ஊதாத விசிலோடு, தொட்டி தொட்டியாகக் குனிந்து சுண்டுவிரலை மண்ணுக்குள் விட்டு எடுத்து மோந்து பார்ப்பார். எதற்கு அண்ணாச்சி மோந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “மண்ணு என்ன வாயத் தொறந்தா சொல்லும்?” என்பார்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் அய்யாத்துரையின் வீட்டில் அவருக்கு வேலை கேட்டைக் காப்பது. செடிகள் அவர் தலையில் விழுந்தது முதலாளியின் மனைவி பேபியம்மாளால். வந்திருப்பவர் சம்சாரி, தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்தவர் என்று தெரிந்ததும், “சம்சாரிக்குத் தெரியாத செடியா? இதையும் அண்ணாச்சியே பாத்துக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டு மறுநாளே பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாள். சோலைச்சாமிக்குப் புதூர் பக்கம் ஒன்பது ஏக்கர் கரிசல் சொந்தம். நிலம் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. மழைதான் எண்பத்திரண்டிலும் அதற்கு முந்திய வருஷமும் ஏமாற்றிவிட்டது. “மழ பேஞ்சா விதைக்கப் போயிருவேன் மொதலாளி, தடுக்கப்பிடாது” என்று முதல் நாளே சொல்லித்தான் விசிலை வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. பாசிப்பயற்றில் தேமல் என்று ஒரு நோய் விழும். இன்றைக்கு ஒரு இலையில் மஞ்சள் பொட்டு. நாளைக்கு நாலு பொட்டு. பத்தாம் நாள் புஞ்சை முழுக்க மஞ்சள், ஒரு நெற்று தேறாது. முதல் பொட்டு விழுந்த செடியை அன்றைக்கே பிடுங்கி எறிந்தால் மற்றது பிழைக்கும். அந்த முதல் செடியைக் கண்டுபிடிக்கச் சோலைச்சாமியை விட்டால் ஆள் கிடையாது. வரப்பில் நின்று கண்ணை இடுக்கி ஒரு பார்வை, பிறகு நேராக நடந்து போய் ஒரே ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்புவார். இது தேமலா, இல்லை வெயிலில் வெளுத்ததா என்று ஒருவரும் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. மச்சினன் புஞ்சையில் ஒருமுறை ஒரு நிரையையே பிடுங்கிவிட்டார். மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பயறு வீடு வந்து சேர்ந்த அன்று அவனே வந்து பேசினான்.

இப்பேர்ப்பட்ட கண்ணைக் கொண்டுவந்து மணிபிளாண்ட் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? வராந்தாவில் தொட்டி தொட்டியாக இலைகளைத் திருப்பிப் பார்த்தார். கண்ட இடமெல்லாம் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தேமல். பாவம், அந்த அம்மாள் வைத்தியத்துக்குத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். விடிந்தால் கிள்ளு, சாயந்தரம் கிள்ளு என்று ஒன்பது நாள் வேலை பார்த்தார். கேட்டுக்கு வெளியே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் கம்பிக்குள் கையை விட்டு ஒரு கொடியை ஒடித்தார்கள். மணிபிளாண்டைத் திருடி வைத்தால்தான் காசு தங்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. காவல்காரர் பார்த்துவிட்டாரே என்று அவர்கள் ஓடப் பார்க்க, இவரோ, “நல்லா ஒடிச்சிட்டுப் போங்க தாயி, புண்ணியமாப் போகும்” என்று வழியனுப்பி வைத்தார்.

பத்தாம் நாள் பேபியம்மாள் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். பெட்டியைக்கூட வாங்காமல் சோலைச்சாமி அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதிக் கொடிகள் மொட்டையாக நின்றன. மீதியில் நிழலடியில் வளர்ந்த நாலைந்து பச்சை இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

“பாருங்க தாயி, ஒரு எலையில மஞ்ச இருக்கா? அம்புட்டையும் சுத்தமா எடுத்துட்டேன்.”

பேபியம்மாள் கைப்பையைத் தரையில் வைத்தாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணாச்சி, அந்த மஞ்சளுக்குத்தான இத வளக்கேன்!”

“எதுக்கு, சீக்குக்கா?”

“அது சீக்கு இல்ல அண்ணாச்சி. அதான் அழகு.”

சோலைச்சாமி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ரயிலில் தூக்கமில்லாமல் வந்த களைப்பில் பேசுகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனைக்குத் தான் சறுக்கியதே தெரியவில்லை. மெல்ல விசாரிக்க ஆரம்பித்தார்.

“இது பூக்குமா?”

“பூக்காது.”

“காய்?”

“காயும் கிடையாது.”

“ஆடு மாடாவது திங்குமா?”

“தின்னா வாய் வீங்கிரும்.”

“பெறகு என்னத்துக்குத் தாயி?”

பேபியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “பாக்கதுக்குத்தான்” என்றாள். அவள் நல்ல மனுஷி. இன்னொருத்தியாக இருந்தால் அன்றைக்கே விசிலைக் கழற்றி வாங்கியிருப்பாள். இவள் பெட்டியைத் திறந்து, ஈரத்துணி சுற்றிப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஒரு புதுக் கொடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதன் இலைகளில் பாலைத் தெளித்த மாதிரி வெள்ளை. “இதுவும் அழகா தாயி?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அதற்குச் சோகைக்காரி என்று பெயர்.

எல்லாவற்றுக்கும் இப்படி அவர் வைத்த பெயர்கள்தான். மஞ்சள் திட்டு விழுவது தேமல்காரி. ஒரு திட்டும் இல்லாமல் முழுப் பச்சையாக வருவது நல்லபிள்ளை. பின்பக்கத்துச் சுவரில் தேங்காய்நார் சுற்றிய கம்பைப் பிடித்து ஏறி, சேம்பிலை அகலத்துக்கு இலை விட்டிருப்பது ராட்சசி. பாட்டில் தண்ணீரில் வெற்றிலை அளவு இலையோடு கிடப்பதும் ராட்சசியும் ஒரே கொடியில் வெட்டியவை என்று பேபியம்மாள் சொன்னபோது அவர் நம்பவில்லை. “ஒரு தாய் வயித்துப் பிள்ளைகளா இது? ஏறினா பெருசாகும், தொங்கினா சிறுசாகுமாக்கும்!” வெயிலுக்கு வாடுமே என்று இரக்கப்பட்டு ஒரு தேமல்காரியை மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்தார். வந்த தளிரெல்லாம் பச்சை. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். பேபியம்மாள் அதை ஜன்னலோரம் மாற்றினாள். மறுபடி மஞ்சள். வெளிச்சத்தில் நோய் வருகிறது, இருட்டில் குணமாகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

செய்த தப்புக்குப் பரிகாரமாக ஒன்று செய்ய நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், தன் புஞ்சை மண்ணை உரச்சாக்கு நிறைய அள்ளி, பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்தார். “எங்க கரிசல்ல வெறும் கம்ப நட்டாலும் தழைக்கும் தாயி” என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு தொட்டிகளில் மண்ணை மாற்றி, வயிறாரத் தண்ணீரும் விட்டார். கரிசல் ஒருமுறை குடித்த தண்ணீரை லேசில் விடாது. ஐப்பசியில் குடித்ததை வைத்துக்கொண்டு தை மாதம் வரை பயிரைக் காப்பாற்றும் மண் அது. தொட்டிக்குள் அதே குணம்தான் எமனாகப்போகிறது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

மூன்றாம் வாரம் ஒரு காலையில் அவர் கொல்லைப்புறம் வரைக்கும் ஓடினார். “தாயி, மஞ்ச வந்துட்டு! பன்னெண்டு தொட்டியிலயும் வந்துட்டு!”

பேபியம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. “இது அந்த மஞ்ச இல்ல அண்ணாச்சி” என்று ஒரு கொடியை இழுத்தாள். கருத்துப்போன வேர் கொழகொழவென்று கையோடு வந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கின இலை ஒரு பங்கு, தொட்டிக்கு அடியில் உடைந்த ஓட்டுச்சில், விரலை விட்டுப் பார்த்து ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். தன் மண் ஒரு செடியைக் கொல்லும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மனிதர் மத்தியானச் சோற்றை நாய்க்கு வைத்துவிட்டார்.

சாயந்தரம் பேபியம்மாளிடம் வந்து நின்றார். “தாயி, ஒரு மஞ்ச வந்தா அழகுங்கிய. ஒரு மஞ்ச வந்தா சீக்குங்கிய. நான் எதக் கண்டு பிரிச்சுக்கிட?”

“எலை விறைப்பா நின்னு, பொட்டுப் பொட்டா இருந்தா அழகு. முழுசும் பழுத்துத் தொங்கினா சீக்கு.”

“எங்க பாசியில தேமல் விழுந்த எலையும் விறைப்பாத்தாந் தாயி நிக்கும். பொட்டுப் பொட்டாத்தான் இருக்கும்.”

அவருக்கு அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. செடிகள் செத்ததோ, முதலாளி வீட்டில் பெயர் கெட்டதோ பெரிதில்லை. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு மழை பெய்யும். போய் விதைக்க வேண்டும். விதைத்தால் இந்தக் கண் வேண்டும். தெருவில் டீக்கடை போட்டிருக்கும் தவசியிடம் அந்த வாரம் முழுக்க அதையேதான் புலம்பினார். “இங்கன சீக்க அழகுன்னு பாத்துப் பாத்து, அங்கன போயி அழகுன்னு விட்டுட்டேன்னு வையி, என் புஞ்சை மட்டுமா போகும்? ஊரே என் கண்ண நம்பியில்ல கெடக்கு?” தவசி ஒரு டீயைக் கொடுத்து, “கண்ணாடி போடுங்க அண்ணாச்சி” என்றார். வேறென்ன சொல்வார்?

இந்த நிலைமையில்தான் சோகைக்காரி ஒரு முழுப்பச்சைத் தளிர் விட்டாள். பார்க்க ஊட்டமான தளிர். சோலைச்சாமிக்குப் பல நாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு வந்தது. பேபியம்மாளோ, “அதக் கிள்ளிருங்க அண்ணாச்சி. விட்டா அதுதான் வேகமா வளரும். வெள்ளையெல்லாம் போயிரும்” என்றாள். நோஞ்சானைக் காப்பாற்ற ஆரோக்கியத்தைக் கிள்ள வேண்டும்! மூன்று நாள் அந்தத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐம்பத்தாறு வயதுக்குள் எத்தனையோ செடிகளைப் பிடுங்கிய கை. நல்ல தளிர் ஒன்றைக் கிள்ளியதில்லை. நான்காம் நாள் “இன்னுமா கிள்ளல?” என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும், கண்ணை இறுக மூடிக்கொண்டு கிள்ளினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோவில்பட்டித் தெருக்களில் தண்ணீர் ஓடியபோது சோலைச்சாமி பஸ்ஸில் இருந்தார். பாசியை விதைத்துவிட்டு, அறுப்பு வரைக்கும் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டுமே என்று மறுபடி கேட்டுக்கு வந்து சேர்ந்தார். ஞாயிறுதோறும் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வருகிறார். கார்த்திகை பிறந்து அவர் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் புஞ்சைக்காரர் சின்னக்கருப்பன் வரப்பிலேயே காத்துக்கொண்டிருந்தார். “ஒங்க காட்ட முடிச்சிட்டு என் காட்டையும் ஒரு பார்வ பாத்துருங்க மாமா” என்றார்.

சோலைச்சாமி மனைவி வெள்ளைத்தாயோடு புஞ்சைக்குள் இறங்கினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கரிசல் முழுக்கப் பச்சை. ஐந்தாவது நிரையில் அது நின்றது. இளம் இலை, நல்ல விறைப்பு, அங்கங்கே மஞ்சள் பொட்டு. அவர் குனிந்தார். கை செடிவரைக்கும் போயிற்று. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

“என்ன, அப்பிடியே நின்னுட்டீக? தேமலா?”

“தெரியலட்டீ.”

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை வெள்ளைத்தாய் அவர் வாயில் கேட்டதில்லை. பதறிப்போய் அவர் கண்களைப் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். “இது தேமலில்லாம பின்ன என்னவாம்?” என்று ஒரே இழுப்பில் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு அடுத்த நிரைக்குப் போனாள்.

சோலைச்சாமி அவள் பின்னால் போகவில்லை. வரப்புக்கு வந்து, எறிந்த செடியை எடுத்து, வேர் மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் பொட்டுகள் வழியாக வெளிச்சம் இறங்கி அவர் முகத்தில் விழுந்தது. இலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். “வாரீகளா மாமா, வெயில் ஏறுதுல்ல” என்று சின்னக்கருப்பன் கூப்பிட்டார். இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் பொறு என்று அவர் மற்றக் கையைக் காட்டினார்.