கியோட்டோவில் எனக்குச் சாத்தமுது வேண்டாம்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜப்பானுக்குச் சுற்றுலா போன எங்கள் சொந்தக்காரக் கோஷ்டியுடன் ஒரு சமையல்காரரும் வந்தார். அவரோடு பெட்டி பெட்டியாக அரிசி, பருப்பு, புளி. ஏற்பாடெல்லாம் என் நாத்தனார், கணவரின் அக்கா. தங்குமிடம்கூடச் சமைக்க விடுகிற இடமாகப் பார்த்துப் பிடித்திருந்தார். கோயில் பார்ப்போம், படம் எடுப்போம், ஓட்டமாகத் திரும்பி வந்து சாத்தமுது சாதம் சாப்பிடுவோம். ரசத்தை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு இது புதிதல்ல. காசிக்குப் போனபோதும் இதே கதைதான். காசி என்றால் எனக்குக் கங்கை ஞாபகம் வராது. அங்கே வேகாமல் உயிரை வாங்கிய துவரம்பருப்புதான் வரும். கியோட்டோவும் அப்படி ஆகக் கூடாது என்று திருச்சி ஏர்போர்ட்டிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கியோட்டோவில் எங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் ஓய்வாகக் கிடைத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"எங்க கிளம்பிட்டே? காய் நறுக்கணும்" என்றார் நாத்தனார்.

"ஊரைப் பார்த்துட்டு வெளியிலேயே சாப்பிட்டுட்டு வரேன், அக்கா."

என் கணவர் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"அவா எதுல என்ன போடறான்னு உனக்குத் தெரியுமா? வெளியில சாப்பிட்டா, அடுத்த மாசம் அம்மா திவசத்துக்கு நீ தளிகை பண்ண வேண்டாம். சொல்லிட்டேன்."

திவசச் சமையல் வீட்டு மருமகளுடையது. என் மாமியார் என்னிடம் உயிராக இருந்தவர். அவருக்கான சமையலை இத்தனை வருஷத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இருந்தும் கதவைத் திறந்துகொண்டு போனேன்.

மழை விட்டிருந்தது. கூரை போட்ட கடைவீதியில் கத்தரிக்காய்கள் தவிட்டில் ஊறிக்கொண்டிருந்தன. ஊறுகாய்க்காரர் குச்சியில் குத்திக் கொடுத்த துண்டில் மாவடுவின் உப்பும் புளிப்பும் இருந்தன. அங்கிருந்து ஆற்றங்கரைக்குப் போனேன். இளவட்டங்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வீதியில் இப்படித் தனியாக நடந்திருந்தால், வீதி முடிவதற்குள் நாலு பேர் எங்கே போகிறேன் என்று கேட்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சுகத்தை நிதானமாக அனுபவித்தேன்.

ஒரு சந்தில் காகித விளக்கு தொங்கிய சின்னக் கடைக்குள் நுழைந்தேன். மீன், மாமிசம், முட்டை எதுவும் ஆகாது என்று செல்போனில் ஜப்பானிய மொழியில் காட்டினேன். கடைக்கார அம்மாள் இரண்டு முறை படித்தார். பிறகு படம் போட்ட அட்டையில் ஒவ்வொன்றாகத் தொட்டு, கைகளைக் குறுக்கே வைத்து இல்லை இல்லை என்றார். கடைசியில் ஒன்றைத் தொட்டு, தலைக்கு மேலே கைகளை வட்டமாக்கிக் காட்டினார். கடற்பாசி போட்ட வெந்நீரில் கொதிக்கிற டோஃபு, சோயாப் பாலைத் திரித்துச் செய்த கட்டி. தொட்டுக்கொள்ள வைத்திருந்த குழம்பிலும் மீன் இருக்கிறதென்று அவரே அதை எடுத்துப் போய்விட்டு, உப்பும் துருவிய இஞ்சியும் கொண்டுவந்தார்.

முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாயில் லேசாகப் பால் மணம் வந்தது. யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்க்காமல், சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சிக் காரம் என்று மழுப்பப் போவதில்லை. சந்தோஷம்தான்.

ஊர் திரும்பியதும் நாத்தனார் திருவானைக்காவலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் செய்தார்.

"தோஷம் போகப் பஞ்சகவ்யம் சாப்பிட்டுட்டு, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீயே தளிகை பண்ணு."

"அம்மாவுக்கு மனசாரப் பண்றேன். தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அது போறாதுன்னா வேற ஆளைப் பார்த்துக்கோங்கோ."

அதன் பிறகு போன் வரவில்லை. எனக்குச் சரியாகத் தூக்கமும் வரவில்லை. ஆனால் நான் இறங்கிப் போகவும் இல்லை. திவசத்துக்கு முதல் நாள் ஆட்டோவில் வந்து இறங்கிய நாத்தனார், வாழைக்காயும் பாகற்காயும் இருந்த பையைச் சமையலறை வாசலில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கூடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலை தலைக்குக் குளித்துவிட்டு நான்தான் அடுப்பை மூட்டினேன்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க ஏதோ சாப்பிட்டியே, எப்படி இருந்தது?"

"சொன்னாப் புரியாது, அக்கா. நீங்களே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கோ."