அத்தான் அடித்த காற்று

கோயில் மண்டபத்தின் வெள்ளைத் திரையில் ஒரு காரின் முன்பலகை பெரிதாகத் தெரிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒலிவாங்கியும் கையுமாகத் திரைக்குப் பக்கத்தில் நின்றார். ஊர்ச் சங்கத்தார் ஏற்பாடு செய்திருந்த கூட்டம். சிக்கனமும் பசுமை வாழ்க்கையும் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள். "இது என்னோட ஹைபிரிட் காடி. இந்த நம்பர் சும்மா வராது. எல்லாம் ஓட்டுற முறையில இருக்கு," என்றார். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த எண்ணைவிடப் படத்தின் ஓரம்தான் கண்ணில் பட்டது. அங்கே அக்காவின் மதிய உணவுப் பையும், தாதிகள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டையும் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். "என் சாப்பாட்டுப் பை மேடை ஏறிருச்சு," என்று என் காதோடு சொன்னாள். சிரித்தாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

அத்தான் என்று எழுதும்போதே அவர், இவர் என்று மரியாதை வந்து ஒட்டிக்கொள்கிறது. அது மொழியின் பழக்கம். என் மனதில் அந்த மனிதருக்கு மரியாதை இல்லாமல் போய் நெடுநாளாகிவிட்டது. கெப்பாலா பத்தாஸில் வீடு. அங்கேயே ஓர் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி. அலுவலகம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மோட்டார் சைக்கிளில் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடவும் வந்துவிடுவார். அக்காவோ கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. தினமும் கடல் பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். அதனால் காரை ஓட்டியவள் அவள்தான். மனைவிக்காகக் காரை விட்டுக்கொடுத்த கணவர் என்று எங்கள் உறவில் அவருக்கு நல்ல பெயர். உண்மை வேறு. ஞாயிற்றுக்கிழமை பசாருக்கும் கோயிலுக்கும் அவர் ஓட்டுகிற குட்டிப் பயணங்களில் என்ஜின் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். அந்த எண் பரிதாபமாக இருக்கும். அக்கா நிதானமாக ஓட்டுகிற நீண்ட பயணத்தில்தான் எண் அழகாக வரும். அவள் மாலையில் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் காருக்குள் தலையை நுழைத்துப் படம் எடுத்துவிடுவார். எண் நன்றாக இருந்தால் அது ஹைபிரிட் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், தன் திறமையாக. மோசமாக இருந்தால் சமையலறைக்கு வரும், கேள்வியாக: "இன்னிக்குக் கால் கனமா இருந்துச்சா?"

எட்டு மணி நேரம் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்திவிட்டு வந்த ஒருத்தியின் காலை இப்படி எடைபோடுவதற்கு ஒரு மனம் வேண்டும். அது அவருக்கு இருந்தது.

எண்ணை இன்னும் ஏற்றுவதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு காற்று, பின் டயருக்கு எவ்வளவு என்று கார் செய்தவர்களே அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். அத்தானுக்கு அவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. "கம்பெனிக்காரன் பயந்தவன். அதான் கம்மியாப் போட்டிருக்கான்," என்பார். சொந்தமாக ஒரு மின்பம்பு வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் நாலு சக்கரத்துக்கும் அந்தத் தாளில் உள்ளதைவிட மிக அதிகமாக அடித்து நிரப்புவார். இறுகிய டயர் லேசாக உருளும், பெட்ரோல் மிச்சமாகும் என்பது பொய்யில்லை. ஆனால் உருளுவது மட்டும்தான் டயரின் வேலை என்று அவர் நினைத்துக்கொண்டார். வண்டி நிற்பதும் திரும்புவதும், ஈரத் தரையைப் பற்றிக்கொள்வதும் அதே டயர்தான் என்பது அந்த எண்ணில் தெரியாது. எண்ணில் தெரியாத எதுவும் அவருக்கு இல்லாதது.

அக்கா முதலில் இடுப்பு வலி என்றுதான் சொன்னாள். "பாலத்துல இணைப்பு வர்ற எடமெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது. மழையில பிரேக்கப் போட்டா ஒரு மாதிரி வழுக்கிட்டுத்தான் நிக்குது. கொஞ்சம் காத்தைக் கொறைங்களேன்." அதற்கு அவர் சொன்ன பதிலை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே கேட்டேன். "மெத்தை வேணும்னா ஆஸ்பத்திரியிலயே படுத்துக்க." சொல்லிவிட்டு ரசத்தில் உப்புக் குறைவு என்றார்.

ஹைபிரிட் காரில் பேட்டரியின் பாரமும் சேர்ந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து மின்மோட்டார் வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்பையெல்லாம் வாங்கிக்கொள்வது முன் சக்கரங்கள். எனவே அவை சீக்கிரம் தேயும், அதில் வியப்பில்லை. அத்தானின் காற்று அந்தத் தேய்மானத்தையும் கோணலாக்கியது. அளவுக்கு மேல் ஊதிய டயர் நடுவில் மட்டுமே தரையைத் தொடும். முன் டயர் இரண்டும் ஓரத்தில் பூ எனப்படும் வரிப்பள்ளங்கள் இருக்க, நடுவில் வழவழவென்று மொட்டையாகிவிட்டன. பின் டயர்களும் அதே போக்கில் பாதி வழி போயிருந்தன. நானும் அவர்களும் ஒரு சனிக்கிழமை எங்கோ புறப்பட்டு, வழியில் டயர் கடையில் நிறுத்தினோம். "நாலையும் மாத்திடுவோம்," என்றாள் அக்கா. அத்தான் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார், பெண்கள் பேச்சு என்று சொல்லாமல் சொல்கிற சிரிப்பு. "ரெண்டு போதும். முன்னாடிதான் இழுக்குது, முன்னாடிதான் திரும்புது. பின்னாடி சக்கரம் சும்மா உருளுது."

காரோடு வந்த கையேடு முன்பெட்டியிலேயே கிடந்தது. காத்திருந்த நேரத்தில் எடுத்துப் படித்தேன். இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னால் போடு என்று அதில் இருந்தது. தண்ணீரில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நான் வாய்விட்டே வாசித்தேன். "நீ காடியே வச்சுக்கல, எனக்குச் சொல்லித் தரியா?" என்றார் அத்தான். கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். கூரையில் டயர் மாட்டச் சொல்லியிருந்தாலும் மாட்டியிருப்பார். புதியவை முன்னால் போயின. தேய்ந்தவை பின்னாலேயே இருந்தன. வீட்டுக்குப் போனதும் நாலுக்கும் பழையபடி காற்று ஏறியது.

அடுத்து வந்தது மழைக்காலம். பிற்பகலில் வேலை முடிந்து அக்கா கடலோர நெடுஞ்சாலையில் வந்து, பாலத்துக்கு ஏறும் வளைவில் திரும்பியிருக்கிறாள். சாலையில் தண்ணீர் நின்றது. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வேகமாகப் போக நினைத்தாலும் போயிருக்க முடியாது. நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். "முன் சக்கரம் நான் சொன்ன பக்கம் போச்சு. பின்னாடி வேற யாரோ ஓட்டுன மாதிரி இருந்துச்சு." கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இரும்புத் தடுப்பில் மோதியது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். அந்த மனிதர் நிறுத்தியதால் எனக்கு அக்கா இருக்கிறாள்.

தோள் எலும்பு முறிந்திருந்தது. அவள் வேலை செய்த மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்து, மருத்துவர்கள் எக்ஸ்ரே படம் பிடித்து, கட்டுப் போட்டு, அவளைப் படுக்கையில் சாய்த்த பிறகுதான் அத்தான் வந்தார். பாலத்தில் நெரிசலோ என்று நினைத்தேன். இல்லை. அவர் முதலில் போனது காரை இழுத்துக்கொண்டுபோய் விட்ட பட்டறைக்கு. அறைக்குள் நுழைந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"பேட்டரிக்கு ஒன்னும் ஆகல," என்றார்.

தொங்குகட்டைச் சரிசெய்துகொண்டிருந்த மலாய்த் தாதிக்குத் தமிழ் தெரியாது. அவரைப் பார்த்து நல்ல செய்தி போலிருக்கிறது என்று புன்னகைத்தாள். அக்கா கூரையைப் பார்த்தபடி, "எலும்புக்குத்தான் ஆயிருச்சு," என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எவ்ளோ வேகத்துல வந்த?"

அக்கா தாதியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குணமாகும்வரை தீவிலேயே ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். அந்த வாரம் அவர் தன் குழுவில் நொறுங்கிய காரின் படத்தைப் போட்டு, மழையில் மனைவி வேகமாக ஓட்டியதன் விளைவு என்று எழுதியிருந்ததை, அதே குழுவில் இருந்த என் அலுவலக நண்பர் சங்கடத்தோடு சொன்னார். நல்ல எண் வந்த நாட்களில் அந்தக் காரை ஓட்டியவர் கணவர். தடுப்பில் மோதிய நாளில் மட்டும் மனைவி.

தோள் குணமாகி, கார் பட்டறையிலிருந்து திரும்பி வந்ததும் அக்கா இம்முறை யாரையும் கேட்கவில்லை. தானே கடைக்குப் போய், காரின் பாரத்தைத் தாங்கக்கூடிய, ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கக்கூடிய டயராகப் பார்த்து, ஒரே வகையில் நாலும் போட்டாள். கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கலாம் என்று கடையில் சொன்னார்களாம். குடிக்கட்டும் என்றாளாம். காலையில் வண்டி ஓடிச் சூடேறும் முன்பு, கதவோரத் தாளில் சொன்ன அளவுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டு கெப்பாலா பத்தாஸுக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன். "வீடு அங்கதானேடி இருக்கு," என்றாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை, பாலத்தின் முதல் இணைப்பில் கார் தூக்கிப் போட்டது. அவளுக்கு இடுப்பிலேயே தெரிந்துவிட்டது. தீவுக்கு வந்ததும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பார்த்தால், நாலும் கல்லாக இருந்தன. அதிகக் காற்றை இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். அடுத்த திங்களும் அப்படியே. அன்று மாலை நேராகவே கேட்டாள்.

"மறுபடியும் காத்து அடிச்சீங்களா?"

"கொஞ்சம்தான்லா. நம்பர் ரொம்ப இறங்கிப் போச்சு. குரூப்ல கேக்குறாங்க."

அவள் கார்ச் சாவியை மேசையில் வைத்தாள். ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு, பஸ்ஸும் ஃபெர்ரியுமாக என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவள் அழவில்லை. பசிக்கிறது என்றாள், தோசை சுட்டுப் போட்டேன்.

ஊருக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. டயர் காற்றுக்காகப் புருஷனை விட்டவள் என்று கல்யாண வீடுகளில் பேசிச் சிரித்தார்கள். நிபோங் திபாலிலிருந்து எங்கள் சித்தி சமாதானம் பேச வந்தார். "குடிக்கிறாரா? இல்ல. கை நீட்டுறாரா? இல்ல. காத்துதானே அடிச்சாரு," என்றார். நியாயமாகப் பேசுவதாகவே அவருக்கு நினைப்பு. இந்த வாதத்தை நான் பலர் வாயில் கேட்டுவிட்டேன். குடிக்காமலும் அடிக்காமலும் இருந்தால் போதும், ஓர் ஆண் மற்ற எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றுவிடுகிறான். அக்கா தேநீரைச் சித்தி பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள். "சித்தி, நான் மோதுன அதே வளைவுக்கு, அதே காத்தோட, என்னைத் திரும்ப அனுப்பி வச்சாரு. எனக்குச் சொல்லாம. ஒரு நம்பருக்காக." சித்தி தேநீரைக் குடித்துவிட்டு மழை வருமா என்று விசாரித்தார்.

இப்போது அக்கா எனக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறாள். பழைய கார் ஒன்று வாங்கினாள், அதுவும் ஹைபிரிட்தான். எனக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். அவளுக்குக் காரின் மேல் கோபம் இல்லை. காற்றைத் தவறாமல் பார்ப்பாள், சர்வீஸுக்கு விடும்போது முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடச் சொல்வாள், அதோடு மறந்துவிடுவாள். அவள் காரின் எண் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. அங்கே அத்தானின் எண் சரிந்தே கிடக்கிறதாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக அவரே ஓட்டினால் வேறெப்படி வரும். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று குழுவில் காரணம் சொல்லியிருக்கிறார்.

அண்மையில் நிபோங் திபாலில் ஓர் உறவுக்காரக் கல்யாணம். சாப்பிட்டு முடித்து நானும் அக்காவும் மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த காரில் ஏறினோம். பூப்போட்ட பத்திக் சட்டையும் வெற்றிலை வாயுமாக அத்தான் வந்தார். விவாகரத்து முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு அவளை நேரில் பார்க்கிறார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என நான் நினைத்தேன். அவர் பின் டயரைச் சப்பாத்து முனையால் தட்டினார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கே," என்றார்.

"இருக்கட்டும்," என்றாள் அக்கா.

அவர் நிமிரவில்லை. இன்னும் எவ்வளவு ஏற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்று டயரிடமே விளக்கத் தொடங்கினார். அக்கா இடைவாரை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஹைபிரிட் கிளம்பும்போது சத்தம் வராது. கார் மெல்ல நகர்ந்து முற்றத்தைக் கடந்து சாலைக்கு வந்தது. நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் குனிந்தபடியே, ஒரு விரலை நீட்டிக்கொண்டு, வெறும் தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சொல்லலாம் என்று திரும்பினேன். அக்கா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. வலது பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, பினாங்கு செல்லும் பாதையில் திரும்பினாள்.